அப்பீலுக்கு ரயில் கிடையாது

டில்லியில் ஆர்.கே.புரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். இளையவர் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அண்ணே, ஹைகோர்ட்ல நீங்க தோத்துட்டீங்க.”

“அப்ப நீ ஜெயிச்சுட்டியா?”

“ஆமாண்ணே. ஊர் வீட்டுப் பாதை ரெண்டு பேருக்கும் பொதுவாம். நீங்க போட்ட வேலியை எடுக்கணுமாம்.”

“எடுக்க மாட்டேன். அப்பீல் போடுவேன். வழக்கம்போல ரெண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் எடு. எனக்கு லோயர் பெர்த்.”

“இனிமே சுப்ரீம் கோர்ட்ண்ணே. இங்கேயே டில்லியில. ரயில் கிடையாது.”

“அப்ப உன் அண்ணி கட்டித் தர்ற புளியோதரை?”

“பஸ்ல போறதுக்கு யாரு புளியோதரை கட்டுவா?”

இரண்டு ஸ்டாப் தாண்டியதும் அண்ணன் தம்பியின் தோளைத் தட்டினார்.

“சரி, வேலியை எடுத்துடறேன். ஊருக்குப் போய்த்தானே எடுக்கணும்? நீயும் வரணும். டிக்கெட் போடு.”