அதே உயரம்

மேடையில் வீற்றிருக்கும் ஆசிரியர் சங்கத் தலைவர் விருத்தாசலம் அவர்களே, மனைவியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சந்திரப்பிரபு அய்யா அவர்களே, திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் திரண்டு வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, மாணவியரே!

இயற்பியல் ஆசிரியை அனந்தமதி அம்மையார் நம்மை விட்டுப் போய் இன்று ஒன்பதாம் நாள். நான் மேடையேறும்போது ஒரு நண்பர் காதோடு சொன்னார்: "லூர்துநாதன் சார், அந்த கேம்ப் விஷயத்த மட்டும் பேசாதீங்க. பேஜாரு." அதை விட்டுவிட்டு வேறு எதைப் பேசுவது? அம்மையார் நல்லவர், சிரித்த முகம் என்று சொல்லிவிட்டு இறங்கவா? மாட்டேன்!

1984. விழுப்புரத்தில் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம். அம்மையாருக்கு அடுத்த நாற்காலி எனக்கு. கேள்வி இதுதான்: ஆடி வரும் ஊசலின் நூல் நடுவில் ஓர் ஆணியில் தட்டினால், குண்டு மறுபக்கம் எவ்வளவு உயரம் ஏறும்? நூல் குறுகிவிடுவதால் உயரமும் குறையும் என்றது எங்களுக்குக் கொடுத்த விடைக்குறிப்பு. அம்மையார் பிரித்த முதல் தாளில், பெயர் தெரியாத ஒரு பிள்ளை படம் வரைந்து, "விட்ட உயரத்துக்கே ஏறும்" என்று எழுதியிருந்தது. குறிப்பின்படி திருத்தினால் ஐந்து மதிப்பெண் போகும். ஐந்து போனால் பிள்ளை தோல்வி!

அம்மையார் என்ன செய்தார்? விடைத்தாள் கட்டிய சணலை அவிழ்த்து, அதில் தம் பெட்டிப் பூட்டைக் கட்டி, கரும்பலகைக் கொக்கியில் தொங்கவிட்டார். பலகையில் படுக்கையாக ஒரு சாக்பீஸ் கோடு. அந்தக் கோட்டு உயரத்திலிருந்து பூட்டை விட்டார். கோட்டுக்கு மேலே, சணலின் பாதியில், ஆணிக்குப் பதிலாக ஒரு பென்சிலை நீட்டிப் பிடித்தார். சணல் தட்டி மடங்கியது. பூட்டு மறுபக்கம் ஏறி அதே கோட்டைத் தொட்டது! பென்சில் சணலைத்தான் மறித்தது. பூட்டு இறங்கி வந்த வேகத்தை அது பறிக்கவில்லை. வளைவு சிறுத்தது, உயரம் குறையவில்லை!

தலைமைத் தேர்வாளர் ஓடி வந்தார். "டீச்சர், பூட்ட ஆட்டிக்கினு இருக்காதீங்க. குறிப்புல இருக்கறபடி திருத்துங்க."

"கோட்டத் தொடுதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க சார்."

"தொடுது. ஆனா குறிப்புல அப்பிடி இல்லியே!"

பதினெட்டுப் பேர் பார்த்தோம். பதினேழு பேர் தப்பாகத் திருத்திக் கையெழுத்துப் போட்டோம். ஆம், நானும் போட்டேன்! அம்மையார் மட்டும் தம் கட்டைத் திருத்தாமல் திருப்பி வைத்தார். அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதினார். எட்டாம் நாள் குறிப்பு மாறியது. எல்லாக் கட்டுகளையும் மறுபடி பிரித்தோம். பிள்ளைகளுக்கு மதிப்பெண் வந்தது. அம்மையாருக்கு வந்தது என்ன? பணிக்கு இடையூறு செய்ததாக மெமோ! பின்னாலேயே, திண்டிவனத்திலிருந்து மேல்மலையனூருக்கு மாறுதல்!

மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதினால் திரும்பி வரலாம் என்றார்கள். அதைச் சொல்லப் போன ஆளும் நான்தான்.

"எதுக்கு சார் மன்னிப்பு? தப்பா திருத்தனது நீங்கதான?" என்றார் அம்மையார். சொல்லிவிட்டு, தோலோடு வேகவைத்த மல்லாட்டைக் கடலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

மூன்று வருடம் அந்தக் கடிதத்தை அவர் எழுதவே இல்லை. கோயிலுக்குப் போகும் அமாவாசைக் கூட்டத்திலும் பஸ்ஸில் நின்றபடியே போய் வந்தார். நெஞ்சுவலி வந்ததும் அந்த ஊர் வகுப்பறையில்தான். சந்திரப்பிரபு அய்யா, அந்தக் கையெழுத்துக்காக உங்கள் முன்னால் வெட்கப்படுகிறேன்.

திங்கட்கிழமை இந்த ஆண்டு முகாம் தொடங்குகிறது. குறிப்பு தப்பென்றால் லூர்துநாதன் கையெழுத்துப் போட மாட்டான். மெமோ வரட்டும்! மாறுதல் வரட்டும்!

அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று நிரலில் போட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு நாம் இருந்த மௌனம் போதாதா? எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்லுங்கள், போட மாட்டேன் என்று! நான் சொல்லிவிட்டேன். தலைவர் அவர்களே, அந்தப் பதினேழில் நீங்களும் ஒருவர். அடுத்தது நீங்கள்.