போசியில் வெட்டிய பெயர்

1985ஆம் வருடம் டிசம்பர் மாதம் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, ஏற்காடு காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் திரு. செல்லப்பன் விசாரித்தபோது நான் சொல்ல, தலைமைக் காவலர் எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

என் பெயர் பிலோமினா. வயது எழுபத்து மூன்று. காலஞ்சென்ற காப்பித் தோட்ட உரிமையாளர் ஸ்தனிஸ்லாஸ் அவர்களின் மனைவி. ஏரிக்கு மேற்புறம் உள்ள எங்கள் சொந்த பங்களாவில் குடியிருக்கிறேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். தமிழும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியும். பிள்ளைகள் இல்லை.

எனக்கு 1934ஆம் வருடம் திருமணம் நடந்தது. என் தகப்பனார் சீராகக் கொடுத்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் முப்பத்திரண்டிலும் பிலோமினா என்று பெயர் வெட்டி அனுப்பினார். அதன் பிறகு 1938இல் என் கணவர் கொட்டச்சேட்டில் ஒரு காப்பித் தோட்டம் வாங்கினார். அதற்குப் பிலோமினா எஸ்டேட் என்று பெயர். என் கணவர் என் மேல் உள்ள பிரியத்தால் அந்தப் பெயரை வைத்ததாக ஊரில் சொல்வது சரியல்ல. முன்பிருந்த உரிமையாளர் தன் தாயாரின் பெயரை வைத்திருந்தார். நாங்கள் மாற்றவில்லை. அவ்வளவுதான்.

1949ஆம் வருடம் ஜூன் மாதம் மேற்படி எஸ்டேட்டில் நாற்றங்கால் வேலை பார்த்த தேவகுமாரி என்பவள் தன் மகளை வீட்டு வேலைக்காக என்னிடம் கூட்டி வந்தாள். பெண்ணுக்கு வயது பதினான்கு. பெயர் கேட்டேன். பிலோமினா என்று சொன்னாள். அவள் பிறந்த வருடம் எஸ்டேட்டில் நல்ல மகசூல் என்றும், அதனால் எஸ்டேட் பெயரையே வைத்து ஞானஸ்நானம் கொடுத்ததாகவும் தாய் சொன்னாள். என் பெயரை நானே அடுப்படியைப் பார்த்துக் கூப்பிட முடியாது என்று சொன்னேன். அதற்குப் பதினைந்து நாள் முன்புதான் எங்கள் வீட்டில் வேலை செய்த கமலா என்பவள் கல்யாணமாகிப் போயிருந்தாள். எனக்குக் கமலா என்று கூப்பிட்டுப் பழகியிருந்ததால் இவளையும் கமலா என்றே கூப்பிடுவதாகத் தீர்மானித்தேன். என் கணவரைக் கலந்துகொள்ளவில்லை. தேவகுமாரி, "அதுக்கென்னங்கம்மா, எப்படிக் கூப்புட்டாலும் வேலதானுங்க செய்யப் போறா" என்றாள். பெண் முதல் மூன்று நாள் கமலா என்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். நான்காம் நாள் திரும்பினாள்.

அதன் பிறகு அவள் முப்பது வருடம் என் வீட்டில் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் மேற்படி பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்குவது அவள் வேலை. அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தமிழ் தெரியும். 1956இல் என் புடவைக்கு இஸ்திரி போடும்போது பெட்டி பட்டு அவள் வலது முழங்கைக்குக் கீழே சுட்ட தழும்பு உண்டு. 1971இல் என் கணவர் படுக்கையாகக் கிடந்த ஏழு மாதமும் அவரைத் தூக்கி உட்கார வைத்தது அவள்தான்.

1967ஆம் வருடம் ரேஷன் கார்டுக்குப் பெயர் எழுத ஒரு குமாஸ்தா வீட்டுக்கு வந்தார். நான் பெயர்களைச் சொன்னேன். வேலைக்காரியின் பெயர் கமலா என்று சொன்னபோது அவள் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா" என்று ஒரு தடவை சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். அதன் பிறகு உள்ளே போய்விட்டாள். எதற்காகக் கூப்பிட்டாள் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

1979ஆம் வருடம் வெள்ளக்கடை என்ற ஊரில் இருக்கும் அவள் தம்பி ஜேசுதாஸின் மனைவி இறந்துவிட்டதால், தம்பி மகள் லூர்துசெல்வி என்ற கைக்குழந்தையை வளர்க்க அவள் என் வீட்டை விட்டுப் போனாள். போகிற அன்று அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தேன். வேறு ஏதாவது வேண்டுமா என்றும் கேட்டேன். என் சீர்ப் பாத்திரங்களில் மூடியும் கைப்பிடியும் உள்ள சிறிய தூக்குப்போசி ஒன்றைக் கேட்டாள். அது அடியில் நசுங்கியது. நசுங்காததாக எடுத்துக்கொள் என்றேன். அதற்கு அவள், "இல்லைங்கம்மா, இதுலதானுங்க பேரு நல்லாத் தெரியுது" என்றாள். என் ஞாபகமாக வைத்துக்கொள்ளக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அதைப் பெருமையாகப் பலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அதன் பிறகு காமாட்சி என்பவள் என் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து இன்றுவரை இருக்கிறாள். அவளையும் கமலா என்றுதான் கூப்பிடுகிறேன். ரேஷன் கார்டில் கமலா என்று இருந்த பெயரை நீக்காமல் அதிலேயே இவளுக்கும் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் வாங்கி வந்தேன். இது முறையல்ல என்பது தெரிந்தே செய்தது.

இந்த மாதம் 9ஆம் தேதி திங்கட்கிழமை மாலை நாலரை மணி சுமாருக்கு நான் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். காமாட்சி வந்து, பின்வாசலில் ஒரு அம்மாள் நிற்பதாகவும், பெயர் பிலோமினா என்று சொன்னதாகவும், என்னைப் பார்க்க வேண்டும் என்பதாகவும் சொன்னாள். ஏற்காட்டில் எனக்குத் தெரிந்து பிலோமினா என்று மூன்று பேர் உண்டு. பேக்கரிக்காரர் மனைவி, ஓய்வுபெற்ற டீச்சர், பஸ் முதலாளியின் கொழுந்தியாள். மூன்று பேரும் முன்வாசலில் வருகிறவர்கள். பின்வாசலில் வந்தவள் பண்டிகைக்கு ஏதோ கேட்டு வந்தவளாக இருக்கும் என்று நினைத்து, நாளைக் காலை சரியாகப் பத்து மணிக்கு வரச் சொல் என்றேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. நான் இருந்த இடத்துக்கும் பின்வாசலுக்கும் இருபது அடி இருக்கும்.

மறுநாள் 10ஆம் தேதி காலை பத்து மணி முதல் பத்தரை மணி வரை கூடத்தில் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. நேரம் தவறுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இனி வந்தால் பார்க்க முடியாது என்று சொல்லிவிடு என்று காமாட்சியிடம் சொன்னேன். அன்று காலை ஆறு மணிக்கே பஸ் நிற்கும் இடத்தில் உள்ள கொட்டகையில் ஒரு பெண் இறந்து கிடந்தது எனக்கு அப்போது தெரியாது.

11ஆம் தேதி புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் காவலர் மாதேஸ்வரன் என் வீட்டுக்கு வந்தார். இறந்த பெண்ணுக்குச் சுமார் ஐம்பது வயது இருக்கும் என்றும், உடம்பில் காயம் இல்லை, குளிரில் இருதயம் நின்றுபோனதாக டாக்டர் சொன்னார் என்றும், கையில் பிலோமினா என்று பெயர் போட்ட பாத்திரம் ஒன்று இருந்தது என்றும் சொன்னார். காலையிலிருந்து அந்தப் பெயரைத் தேடி அலைவதாகச் சொன்னார். "ஏனுங்கம்மா, இந்த மலையில எத்தன பிலோமினாதானுங்க? எஸ்டேட் ஒண்ணு, பேக்கரி ஒண்ணு, பஸ்ஸு ஒண்ணு, மாதா கோயில் மணிக்குக்கூட மந்திரிச்சு அந்தப் பேருதான் வெச்சிருக்குதுன்னு உபதேசியார் சொல்றாருங்க. கடைவீதியில ஒருத்தரு பிலோமினான்னு கூப்புட்டாரு, நாயி ஓடியாருது" என்றார். நான் சிரிக்கவில்லை. இந்த வீட்டில் என்னைத் தவிர பிலோமினா என்று யாரும் இருந்ததில்லை என்று சொன்னேன்.

அதன் பிறகு அவர், கடைவீதியில் டீக்கடை ஆறுமுகம் என்பவர் உடலைப் பார்த்து, இது பங்களாக் கமலா மாதிரி இருக்கிறது என்று சொன்னதாகவும், அப்படி யாராவது உண்டா என்றும் கேட்டார். நான் காமாட்சியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, கமலா இதோ இருக்கிறாள் என்றேன். காவலர் ரேஷன் கார்டைப் பார்த்தார். கமலா என்று இருந்தது. வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு காமாட்சி டம்ளரை எடுக்க வந்தவள் போகாமல் நின்றாள். என்ன என்று கேட்டேன். "திங்கக்கெழம வந்தவங்க கால் கழுவறதுக்குப் பின்னாடிக் குழாயத் தூக்கிப் புடிச்சுத் திருகுனாங்கம்மா. எனக்கு அது பழக ஒரு மாசம் ஆச்சுங்க" என்றாள். அந்தக் குழாய் இருபது வருடமாக அப்படி. தூக்கிப் பிடிக்காமல் திருகினால் தண்ணீர் வராது. கையில் என்ன வைத்திருந்தாள் என்று கேட்டேன். சின்னத் தூக்குப்போசி என்றாள்.

அப்போது மணி மூன்றே முக்கால். காவல் நிலையம் என் வீட்டிலிருந்து கால் மணி நடை. அன்று நான் வரவில்லை. மறுநாளும் நானாக வரவில்லை. காரணம் என்ன என்று உதவி ஆய்வாளர் கேட்கிறார். சொல்லும்படியாகக் காரணம் எதுவும் இல்லை. அதற்குச் சற்று முன்பு காவலரிடம் நான் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான்.

12ஆம் தேதி வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஜேசுதாஸ் தன் மகள் லூர்துசெல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மகள் பெயரோடு வெள்ளக்கடையில் எடுக்கும் புது ரேஷன் கார்டில் அக்காளையும் சேர்க்க வேண்டியிருந்தது என்றும், பழைய கார்டில் கமலா என்ற பெயரை நீக்கி, கமலாவும் பிலோமினாவும் ஒரே ஆள் என்று நான் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று அதிகாரி சொன்னதாகவும், அதற்காகத்தான் அக்காள் திங்கட்கிழமை வந்தாள் என்றும் சொன்னார். அவள் அன்று திரும்பி வராததால், தெரிந்தவர் வீட்டில் தங்கியிருப்பாள் என்று இரண்டு நாள் இருந்துவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகு ஜீப் ஓட்டும் பெரியண்ணன் என்பவர் சொன்னதைச் சொன்னார். திங்கட்கிழமை மாலை பெரியண்ணன் அவளைப் பார்த்து, ஊருக்கு வா, ஏறிக்கொள் என்று கூப்பிட்டதற்கு, காலைப் பஸ் பிடித்து வந்தால் பதினொரு மணி ஆகிவிடும் என்று மறுத்திருக்கிறாள். "எங்கம்மாவுக்கு நேரந் தவறுனா ஆகாதுங்க, பத்துன்னா பத்துதானுங்க" என்று சொன்னாளாம்.

ஜேசுதாஸ் அன்று காலையில் காவல் நிலையத்துக்குப் போய் உடலைக் கேட்டபோது, அவர் சொல்லும் பெயரும் மற்றவர்கள் சொல்லும் பெயரும் பொருந்தவில்லை என்றும், வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்குள் அத்தாட்சி கொண்டுவராவிட்டால் அநாதைப் பிணமாக அடக்கம் செய்யப்படும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர் தன் தாய் தேவகுமாரியின் கல்லறைக்குப் பக்கத்தில் கொட்டச்சேட்டில் குழி வெட்டச் சொல்லிவிட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்து, "பிலோமினான்னா அத்தாட்சி கேக்கறாங்க. கமலான்னா உங்கூட்டுல உசுரோட இருக்கறாங்கறாங்க. எங்கக்காவ நான் எந்தப் பேரச் சொல்லித்தானுங்கம்மா வாங்கறது?" என்றார்.

குழந்தை கூடத்து அலமாரியில் இருந்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அப்பா, இதுல எல்லாம் அத்த பேரு இருக்குது" என்றது. ஜேசுதாஸ் அதன் வாயைப் பொத்தினார். நான், அவளை விடுங்கள், சரியாகத்தான் படிக்கிறாள் என்று சொன்னேன்.

இன்று காலை ஒன்பதரை மணிக்கு ரேஷன் கார்டையும் சீர்ப் பாத்திரத்தில் ஒரு சொம்பையும் எடுத்துக்கொண்டு காமாட்சியுடன் நிலையத்துக்கு வந்தேன். அதன் பிறகு உதவி ஆய்வாளருடன் ஆஸ்பத்திரிக்குப் போய் உடலைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. இருந்தாலும் வலது கையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, முழங்கைக்குக் கீழே மேற்படி தழும்பைக் காட்டினேன். கால்களில் செருப்பு இல்லை. கால் விரல்கள் கழுவிய மாதிரி சுத்தமாக இருந்தன. இறந்தவள் 1949 முதல் 1979 வரை என் வீட்டில் வேலை செய்த பிலோமினா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதன் பிறகு நிலையத்தில் தூக்குப்போசியைக் காட்டினார்கள். அடியில் நசுங்கியது. நான் கொண்டுவந்த சொம்பில் உள்ள எழுத்தும் அதில் உள்ள எழுத்தும் ஒரே கை வெட்டியவை. அது என் வீட்டிலிருந்து திருடப்பட்டதா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இல்லை, நான் கொடுத்தது. உள்ளே மடித்த காகிதம் ஒன்று இருந்தது. நான் கையெழுத்துப் போடுவதற்காக யாரையோ கொண்டு எழுதி வாங்கிய கடிதம். அதில் தேதிக்கும் என் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் இன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டு உதவி ஆய்வாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

இந்த வாக்குமூலத்தின் முதல் பிரதியில், இறந்தவரைக் கமலா என்கிற பிலோமினா என்று எழுதியிருந்தார்கள். நான் அதை ஏற்கவில்லை. வழக்குக் கட்டுகளில் அப்படி எழுதுவதுதான் வழக்கம் என்று தலைமைக் காவலர் சொன்னார். அவள் பெயர் பிலோமினா, கமலா என்பது நான் கூப்பிட்டது, அவள் யாரிடமும் தன்னைக் கமலா என்று சொன்னதாக எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அதன் பேரில் அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டு மறுபடி எழுதப்பட்டது. உடலைத் தம்பி ஜேசுதாஸிடம் ஒப்படைக்க உதவி ஆய்வாளர் உத்தரவு எழுதினார். காமாட்சியின் பெயரைக் காமாட்சி என்றே இதில் எழுதச் சொன்னதும் நான்தான்.

தூக்குப்போசி என் சீர்ப் பாத்திரம் என்பதால் அதை என்னிடமே திருப்பித் தருவதாக உதவி ஆய்வாளர் சொல்லி, ரசீதில் கையெழுத்துக் கேட்டார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அதில் வெட்டியிருப்பது இறந்தவளின் பெயர். அவள் தம்பியிடம் கொடுக்க வேண்டியது.

இதில் உள்ளதெல்லாம் நடந்தபடி நான் சொன்னது. யாரும் தூண்டிச் சொல்லவில்லை. படித்துக் காட்டத் தேவையில்லை என்று சொல்லி, மூக்குக்கண்ணாடி போட்டு நானே முழுவதும் படித்துப் பார்த்தேன். உண்மை.

(ஒப்பம்) பிலோமினா