நூற்றுப் பதினெட்டாவது அடி

அன்று மதியம் சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது என்று நினைக்கிறேன். அது முந்தின நாளாகவும் இருக்கலாம். பதினோரு மாதம் ஆகிவிட்டது ஐயா, சின்ன விஷயங்களை மாற்றிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் தவறாகச் சொல்ல மாட்டேன்.

என் கணவர் எவாசியோ இந்த நோவாரா சமவெளியின் நெல்வயல்களை வரைந்தவர். தண்ணீர் கட்டிய வயல் அவருக்கு ஒரு சதுரம். வாய்க்கால் ஒரு கறுப்புப் பட்டை. முப்பது வருடம் இதே வயல்கள்தான், ஒரு படத்திலும் ஆள் கிடையாது. கல்யாணமான புதிதில், அந்த வயலில் களையெடுத்தே முதுகு வளைந்த என் அம்மாவை ஒரு ஓரத்திலாவது வரையச் சொன்னேன். "ஆள் வந்தா கோடு கெட்டுப்போயிடும், க்ளேலியா" என்றார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

பார்வை போன பிறகும் அவர் விடவில்லை. வரப்பில் அடி எண்ணி நடந்துவிட்டு வந்து சொல்வார். ஒரு அடிக்கு அரை சென்டிமீட்டர் என்று நான் படத்துணியின் சட்டத்தில் ஆணி அடித்து நூல் கட்டுவேன். அவர் நூலைத் தடவித் தடவி இடையில் வண்ணம் பூசுவார்.

ஒருநாள் ஆணியை ஒரு விரல் தள்ளி அடித்தேன். காப்பியைக் குடித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார் என்பதைத் தவிர வேறு காரணம் நினைவில்லை. அவர் நூலை இரண்டு முறை தடவிப் பார்த்தார்.

"வயல் நகந்துடுச்சா என்ன?"

"வயல் எங்க நகரும்? உன் காலுதான் குட்டையாயிடுச்சு, கெழவா."

சிரித்தார். அடுத்த வாரம் இன்னொரு விரல் தள்ளினேன். குளிர்காலத்துக்குள் அவர் தனியாக வெளியே போவதை நிறுத்திவிட்டார். படியிறங்கக்கூட என் கையைத் தேடினார். நாங்கள் அவ்வளவு நெருக்கமாக எப்போதும் இருந்ததில்லை.

ஏப்ரலில் அவர் படங்களை விற்றுக்கொடுக்கும் பெலிசாரியோ தூரின் நகரத்திலிருந்து வந்தார். "இப்பத்தான்யா உன் கை வாயத் தெறந்து பேசுது" என்றார். அவர் போனதும் என் கணவர், நூல் அவிழ்க்காத கடைசிப் படத்தைத் தடவினார்.

"பின்கதவுலேர்ந்து வாய்க்காலுக்கு நூத்திப் பதினெட்டு அடின்னுதான் நெனப்பு. இங்க நூத்தி நாப்பது வருது. படம் சரி, என் நெனப்புதான் தப்பு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்ப நூத்தி நாப்பதுல வலப்பக்கம் திரும்பணும்."

"திரும்பு."

காற்று குளிராக இருந்தது. கம்பளிக் கோட்டை மாட்டி எல்லாப் பொத்தானையும் போட்டுவிட்டேன். கைத்தடி வேண்டாம் என்றார், எண்ணிக்கையைக் கெடுக்குமாம்.

நீர்க்காவலர் கௌதென்சியோ அன்று காலைதான் மதகைத் திறந்திருந்தார். வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. சைக்கிளில் அந்தப் பக்கம் போனவர், "யாரு, எவாசியோவா? நீ செத்துட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

"பேச்சுக் குடுக்காதடா, எண்ணிக்கை விட்டுடும்."

கௌதென்சியோ சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஜன்னல் திறந்திருந்தது. நானும் கூடவே எண்ணினேன். நூறில் கூப்பிட்டிருக்கலாம். நூற்றுப் பத்திலும் கூப்பிட்டிருக்கலாம், குரல் எட்டும் தூரம்தான். அவர் நன்றாக நிமிர்ந்து நடந்தார். நூற்றுப் பதினெட்டில் நிற்கவில்லை. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

மாலையில் மதகுக் கம்பிகளில் கிடைத்தார். ஊர்க் கல்லறையில், என் அம்மாவுக்கு மூன்று வரிசை தள்ளிப் படுத்திருக்கிறார். கௌதென்சியோ வேலையை விட்டுவிட்டு வெர்செல்லியில் மகளோடு இருக்கிறார். தான் பேச்சுக் கொடுத்ததால்தான் எண்ணிக்கை தவறியது என்று அழுதார், நான் மறுத்துச் சொல்லவில்லை. பெலிசாரியோ கடைசிப் படங்களையெல்லாம் நல்ல இடங்களுக்கு அனுப்பிவிட்டார். நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். அவருக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.