கியூல நிக்கிற மெயிலு

வைரஸெல்லாம் இல்ல தாயி, அனுப்புனது நாந்தான். மெயிலு ஏன் போவலன்னு பாக்க ஐரோலிலருந்து ரெண்டு ட்ரெயின் மாறி வந்திருக்க, உங்கிட்டப் பொய் சொல்லக் கூடாது. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு, தோலு வாடை பழகிரும்.

ஞாயித்துக்கிழமை, நம்ம அம்மன் கோயில் கொடை அழைப்பிதழக் கம்பெனி மெயில்லருந்து எல்லாருக்கும் அனுப்புனேன். எல்லாருன்னா ஆயிரத்து நூறு பேரு. ஒருத்தன விட்டாலும், எனக்கு ஏன் சொல்லலன்னு அடுத்த கொடை வரைக்கும் மூஞ்சத் தூக்கிட்டுத் திரிவான். ஜெர்மனிக்காரனுக்கும் அனுப்பிட்டேன். சிரிக்காத, அவனும் நம்மகிட்டப் பை வாங்குதாம்லா.

ஒரு மணி நேரத்துக்கு இருநூறு மெயிலுதான் கணக்கா? அதுக்காவ ஹோஸ்டிங்காரன் ஏக்தம், ஒரேடியா பந்த் பண்ணிருவானா? ஓ, ஒரே சர்வர்ல நம்மளோட முந்நூறு கம்பெனி இருக்கா. அப்பம் எங்க சால்ல, அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவா இருக்க தண்ணிக் குழாய் மாதிரிதான். ஒருத்தன் மோட்டாரப் போட்டு இழுத்தா மத்தவங்க குடம் காலி. நிறுத்துனது நியாயந்தான்.

இப்பம் அவசரம், அதே கியூல மாட்டிக்கிட்டு நிக்கிற பூனா கம்பெனி கொட்டேஷன். ஆயிரத்து இருநூறு லேப்டாப் பை. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள, கம்பெனி மெயில்லருந்து வந்தாத்தான் எடுப்பேன்னு எழுதியே குடுத்திருக்கான்.

ஹோஸ்டிங்காரன் என்ன சொல்லுதான்? விட்டா கியூல நிக்கிறது மொத்தத்தையும் விடுவானா? அழிச்சா மொத்தத்தையும் அழிப்பானா? அழிச்சா நாளைக் காலைலதான் புதுசா அனுப்ப முடியுமா? நடுவுல ஒண்ண மட்டும் உருவ முடியாதா?

இரு, இரு. இப்பமே விடச் சொல்லாத. எந்தம்பி டீ வாங்கப் போயிருக்கான், குடிச்சிட்டுப் பாப்போம்.

நாகராஜுன்னு பேரு. வெளிய போர்டுல பிச்சையா லெதர்ஸ்னு எம்பேரு மட்டுந்தான் இருக்கு, பாதி உழைப்பு அவனுது. அழைப்பிதழ அவன்தான் அச்சடிச்சான். எனக்குத் தமிழு எழுத்துக்கூட்டித்தான் வரும், படிக்காமலே அனுப்பிட்டேன். பொறவு பாத்தா, விழாக்குழுவுல எம்பேரு அவன் பேருக்குக் கீழ. மூத்தவன் நான். கோவம்னா கோவம், அப்படி ஒரு கோவம். நேர்ல சொல்ல வாய் வரல. கம்பெனி மெயில்லருந்தே அவன் ஜிமெயிலுக்கு எழுதிட்டேன், இனி நீ யாரோ நான் யாரோ, கம்பெனியப் பிரிச்சிருவோம்னு. அவன் படிச்சிருப்பான்னு ரெண்டு நாளா மொகத்தப் பாக்காமத் திரிஞ்சேன்.

நேத்து கொடைல பரிவட்டத்தத் தட்டுல வச்சு நேரே அவன்ட்டத்தான் கொண்டு போனாங்க. அவன் பின்னால நவுந்துட்டான். அண்ணன் நிக்கும்போது எனக்கு எதுக்கு, அண்ணனுக்குக் கட்டுங்கன்னான். தலையில கட்டிட்டு நிக்கேன், கண்ணு நெறைஞ்சிட்டு தாயி. இவனுக்கு மெயிலு போவலன்னு அப்பந்தான் தெரிஞ்சுது.

அதுவும் அந்தக் கியூலதான் நிக்கு. பூனாவுக்கு மூணு மெயிலு முந்தி.

மொத்தத்தையும் அழிக்கச் சொல்லிரு. பூனா போனாப் போவுது.

அந்தா, டீயோட வாரான். இதப் பத்தி மூச்சு விடாத. கொட்டேஷனக் கெடுத்தது உங்க அண்ணன்தான்னு மட்டும் சொல்லு. ஏசுவான். ஏசட்டும்.