ஓரத்தில் பட்டால் போதும்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பணி முடிந்து உடை மாற்றக்கூட நேரமில்லாமல் சீருடையோடு வந்திருக்கும் செவிலியர்களே, முன்வரிசையில் தலை குனிந்திருக்கும் மாமா அவர்களே, என்னோடு ஒரே அறையில் வேலை பார்க்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மேடைப் பேச்சு எனக்குக் கைவந்ததல்ல. செல்பேசிச் செயலிகளைச் சோதிப்பது என் வேலை. அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடித்தே வயிறு வளர்ப்பவன். அப்படிப்பட்ட என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் யாரைப் பற்றி? என் கைக்கு ஒரு குற்றத்தைக்கூட எளிதில் கொடுக்காத எங்கள் மூத்த வடிவமைப்பாளர், கட்டைவிரல் அக்காவைப் பற்றி.

அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். புதிதாக ஒரு திரை தயாரானால் நாங்களெல்லாம் நிறம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்போம். அக்கா பார்க்கவே மாட்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலைத் திரைமேல் பொத்தென்று போடுவார். "பாத்து அழுத்தினா எல்லா பட்டனும் நல்ல பட்டன்தான்டா" என்பார். அவர் விரல் நடுவில் விழுந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் ஓரத்தில்தான் விழும். அவர் சோதித்த போன் இன்றும் அவர் மேசைமேல் இருக்கிறது. பட்டனின் வலது ஓரத்தில் மங்கலாக ஒரு விரல் தடம். அலுவலகத்தில் மேசைகளைத் தினமும் துடைக்கும் அம்மா அந்தப் போனை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைக்கிறார். அப்படிச் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இங்கே செவிலியர்கள் இருக்கிறீர்கள், குடும்பத்தார் இருக்கிறீர்கள். அதனால் எங்கள் தொழிலில் ஒரே ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். பட்டனில் எழுத்து இருக்கும். எழுத்தைச் சுற்றி, பட்டனுக்கு உள்ளேயே, கொஞ்சம் இடம் விடுவோம். அதற்குப் பேடிங் என்று பெயர். அழகுக்காக விடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அக்கா அப்படி நினைக்கவில்லை.

ஒருமுறை எங்கள் புரோகிராமர் தம்பி ஒரு பட்டன் செய்து காட்டினான். அகலமாக, பச்சையாக, பார்க்க ஒரு குறையும் இல்லை. அக்கா வழக்கம்போல ஓரத்தில் விரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி வைத்தார். ஒன்றும் இல்லை. தம்பி செய்திருந்தது இதுதான்: நிறத்தை வெளியே ஒரு பெட்டிக்குப் பூசிவிட்டு, எழுத்தை மட்டும் பட்டனாக வைத்திருந்தான்.

"அக்கா, பாக்க ஒண்ணுதானே?" என்றான்.

"பாக்க ஒண்ணுதான். ஆனா இந்த எடம் செத்துக் கிடக்கு. தொட்டா அதுக்குத் தெரியல" என்றார்.

நண்பர்களே, நாங்கள் சிரித்தோம். அவர் போன பிறகு அந்தச் சொல் என்னை விடமாட்டேன் என்கிறது. அவர் நாற்காலியைக் கடக்கும்போதெல்லாம் கேட்கிறது. இந்த வெற்றிடம் எந்த வகை? தொட்டால் தெரியுமா, தெரியாதா?

அவர் கடைசியாகச் செய்தது மருத்துவமனைப் படுக்கைக்கான செயலி. கட்டிலோடு கட்டிய ஒரு போன், அதில் ஒரே பட்டன், அதன்மேல் 'ஆள் வேண்டும்' என்ற இரண்டு சொற்கள். அதற்காக அக்கா வார்டில் போய் உட்கார்ந்து பார்த்தார். படுத்திருப்பவர் கையில் ஊசி இருக்கிறது, கண்ணில் கண்ணாடி இல்லை, விரல் சொன்னபடி கேட்பதில்லை. எழுத்தைச் சுற்றி அவர் இடம் விட்டார், விட்டார், திரையின் பாதியை அந்தப் பட்டன் பிடித்துக்கொள்ளும்வரை விட்டார்.

சண்டை வந்தது. அந்த வார்டின் தலைமைச் செவிலியர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார்; நான் சொல்வதில் பிசகு இருந்தால் திருத்தட்டும். "முழங்கை பட்டா மணி அடிக்குது, போர்வை பட்டா மணி அடிக்குது. போர்வைக்கெல்லாம் நாங்க ஓட முடியுமா? எடத்தக் குறைங்க" என்றார்.

"சும்மா வந்துட்டுத் திரும்பினா கால்தான் வலிக்கும். வராமப் போனா?" என்றார் அக்கா.

"கால் வலிக்கிறது உங்களுக்கா, எங்களுக்கா?" என்றார் இவர். நியாயமான கேள்வி. ஆனாலும் அந்த இடத்தை அவர் ஒரு மயிரிழைகூடக் குறைக்கவில்லை.

பிறகு மூச்சுத் திணறல் வந்து அதே வார்டில், அதே போன் கட்டிய ஒரு கட்டிலில் அக்கா படுத்தார். அவர் கணவர், எங்கள் மாமா, மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில் எல்லாம் முடிந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் மாமா ஒன்றையே கேட்கிறார். "அவ கூப்பிட்டாளா? யாராவது போனாங்களா? இல்ல, தனியாவே..." என்று பாதியில் நிறுத்திவிடுவார். எங்களுக்குத் தெரியாது.

இன்று வாசலில் தலைமைச் செவிலியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மைக்கில் பேச வராது, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். மாமா, கொஞ்சம் நிமிர்ந்து கேளுங்கள். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"மணி அடிச்சுது. திரும்பவும் போர்வைதான்னு முணுமுணுத்துக்கிட்டேதான் போனேன். அவங்க கை போன்மேல கிடந்துது. விரல் எழுத்துக்குப் பக்கத்துலகூட இல்ல, ஓரத்துல கிடந்துது. கையப் பிடிச்சேன். கண்ணத் திறந்து, 'வந்துட்டியா, ஓரத்துலதான் பட்டுச்சு'ன்னாங்க. சிரிச்ச மாதிரி இருந்துது. டாக்டர் ஓடி வந்தாரு, என்னென்னவோ பண்ணாரு. கடைசிவரைக்கும் நான் கைய விடல."

மாமா, அவர் தனியாகப் போகவில்லை.

தலைமைச் செவிலியர் இன்னும் ஒன்று சொன்னார். கட்டிலைக் காலி செய்து, விரிப்பு மாற்றிக் கதவைச் சாத்திய பிறகு, அந்தக் கட்டிலிலிருந்து மறுபடி மணி அடித்ததாம். ஓடியிருக்கிறார். மடித்து வைத்த போர்வையின் நுனி பட்டனின் ஓரத்தில் கிடந்ததாம். "போர்வைதான் சார், எனக்குத் தெரியும். அங்க இப்ப வேற ஆள் படுத்திருக்காங்க, அதுவும் தெரியும். ஆனா அந்த மணி அடிச்சா இன்னமும் கதவுகிட்ட ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் உள்ள போறேன். எடத்தக் குறைக்கச் சொன்னேன்ல? வேணாம். இருக்கட்டும்." கால் வலிக்கத்தான் செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்.

தலைவர் அவர்களே, அடுத்த பதிப்பில் அந்தப் பட்டனைச் சிறிதாக்கும் பேச்சு இருக்கிறது. இந்தச் சபை அறியச் சொல்கிறேன். அது சோதனைக்கு என் மேசைக்குத்தான் வரவேண்டும். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். விரலை ஓரத்தில் போடுவேன். அந்த இடம் செத்துக் கிடந்தால் பதிப்பு என் மேசையைத் தாண்டாது. இது நானும் என் அறையில் இருப்பவர்களும் சேர்ந்து கொடுக்கும் வாக்கு.

அக்கா, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கையில் தெம்பு இருக்கிறதோ இல்லையோ, எழுத்தைத் தேட வேண்டாம். ஓரத்தில் பட்டால் போதும். வந்துவிடுவோம்.