மிசோக்கடைச் சுவரில் அழகன்கொடி

— வெந்நீர்த் தொட்டியில தலையை முக்கினீங்களா மொதலாளி?

— முக்கலைடா மத்சுசோ. முடி வலுக்கும்னு நீ சொன்னே, மூணு வருஷமா கழுத்துக்கு மேல தண்ணி படலை. மழை வந்தா கடையில விக்கிற மிசோ விழுதுப் பானைக்கு முன்னாடி என் தலையைத்தான் மூடறேன்.

— சும்மா சொல்லக்கூடாது, நல்ல பழக்கம். ஆடாம உக்காருங்க, கையில சவரக்கத்தி.

— ஆடுவேன். மத்தியானம் தோட்டக்காரன் கோடாலியோட வர்றான். செவுத்துல கிடக்கற அழகன்கொடி இன்னியோட ஒழிஞ்சுது.

— ஐயையோ. பனி கொட்டுற மாசத்துலகூட பச்சையாவே நிக்கிற செடிங்க அது.

— ஒம்பது வருஷமா பூக்குது, ஒரு பழம் கிடையாது. அக்கரைக் கோயில் செவுத்துல செவப்புச் செவப்பா உருண்டை தொங்குது.

— அங்க ஆண்கொடி பக்கத்துலயே படுத்திருக்கு. உங்களுது பொண்ணு. தனியா நின்னா எப்படிப் பழுக்கும்? நீங்களுந்தான் தனியா நிக்கிறீங்க, என்ன பழுத்தீங்க?

— வாயைக் கழுவுடா.

— ஷினகாவாவுல ஒரு பெண்கொடி, சும்மா சொல்லக்கூடாது, ஆண்கொடியைத் தேடி நாலு கூரை தாண்டிப் போச்சு. வழியில ஒரு குடிகாரனைச் சுத்தித் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு. அவன் பேச்சுத் தாங்காம மறுநாள் அதுவே அவனை வீட்டுல கொண்டாந்து விட்டுச்சு.

— புளுகு.

— குடிகாரனைக் கேளுங்க. உங்க கொடிக்கு வேருல நெழல், தலையில பாதி வெயில், காயாத மண்ணு, வாடைக்காத்து மறைப்பு, இவ்வளவுதான் வேணும். நீங்க என்னடான்னா வேர்ப்பாசியைச் சுரண்டி வெயில் காட்டுறீங்க.

— அது கிடக்கட்டும். எவனோ திருடுறான்டா. மூணு நாளைக்கு ஒருக்கா முழத் தண்டு, சுத்தமான வெட்டு. செவுரு பாதி மொட்டை. சாயங்காலம் அரிசி அப்பளக் கடை ஒஹாமா என்னைக் கட்டிக்கலாமான்னு பாக்க வர்றா. ரெண்டு புருஷனைப் பாத்த கண்ணு அது. இந்தச் செவுத்தையா காட்டுவேன்?

— தண்டை எதுக்குத் திருடணும்?

— தெரியாத மாதிரி கேக்கறே. நறுக்கி ஊறப்போட்டா கோந்தா வரும். அதைத் தடவிக்கிட்டு எவனோ கொண்டையை மினுக்கித் திரியறான். இந்த எடோ ஊர்ல பாதித் தலை உன் கையிலதானே, எந்தத் தலைன்னு சொல்லு. கோடாலி அவனுக்கு. சொல்லலைன்னா கொடிக்கு.

— கத்தியைக் கீழ வச்சுட்டுச் சொல்றேன். திருடினது நான்தான்.

— நீயா? உன் கொண்டை எலிவால் மாதிரி இருக்கே. யார் தலைக்குடா?

— கண்ணாடியைப் பிடிங்க. பின்னால மினுங்குதே, அது கோயில் குதிரையோட வாலு. உங்க முடி போய் மூணு வருஷமாச்சு மொதலாளி. கொடிச்சாறுதான் பிடிச்சு நிறுத்தியிருக்கு.

— அப்ப இவ்வளவு நேரம் என்னடா வழிச்சே?

— சும்மா சத்தம் காட்டினேன். அதோ தோட்டக்காரன் வர்றான். கோடாலியா கொண்டையான்னு நீங்களே சொல்லிடுங்க.