மயிலிட்டியிலிருந்து ஒரு நேயர்

மாலை ஆறரை மணி... அளவெட்டிப் பக்கத்து வயல் வீதி. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. மைமல் இருட்டோடு ஊர் கதவைச் சாத்திவிடும். அந்த வீதியில் மார்க்கண்டு தனியே சைக்கிள் மிதித்துக்கொண்டு போனார்.

இந்த மார்க்கண்டு என் கூட்டாளி தியாகராசாவின் சிறிய தகப்பனார். கடலோடி, கதை கட்டுகிற மனிதர் அல்ல. இன்றைக்கும் இருக்கிறார், ஆனால் றேடியோ பாடுகிற வீட்டில் உட்காரமாட்டார். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கதை முடியுமுன் வெளியே எழும்பிப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

அவருடைய தமையன் தம்பிஐயா. யுத்தத்தில் எங்கள் கடற்கரை ஊரான மயிலிட்டிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்த பிறகும் அந்த மனிதர் கடலை விடவில்லை. வேறு கரையிலிருந்து வள்ளம் எடுத்துப் போனவர், மாரியில் திரும்பவில்லை. வள்ளமும் இல்லை, உடலும் இல்லை. மனைவி இராசமலர் பொட்டை அழிக்க மறுத்துவிட்டாள். செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டி என்று வாயெடுத்தவர்களைத் தான் இருந்த ஓலைக் கொட்டில் பக்கமே அண்ட விடவில்லை.

ஞாயிறுதோறும் வானொலியில் ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் தொலைபேசியில் அறிவிப்பாளரோடு கதைப்பார்கள். எங்கள் பக்கம் தொலைபேசி செத்து வருசக்கணக்கு. ஆனாலும் கொழும்பில் இருக்கிறவர்கள் அதில் 'சுகமாய் இருக்கிறம்' என்று ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். தம்பிஐயாவும் எங்காவது கரையேறியிருந்தால் ஒருநாள் கதைப்பார்... அதுதான் இராசமலரின் பிடிவாதம். அந்த ஞாயிறு இருட்டில் சைக்கிள் மிதித்து மார்க்கண்டு வந்ததும் அவள் கொட்டிலுக்குத்தான்.

"இண்டைக்குக் கேப்பம் மச்சாள். கதைக்காட்டி நாளைக்கு ஐயரிட்டைப் போவம்" என்றார் மார்க்கண்டு. அவள் தலையாட்டினாள்.

பற்றரி ஏது? சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுழற்றினால் டைனமோவில் றேடியோ பாடும். மெல்லச் சுற்றினால் குரல் தேயும். கை நின்றால் குரலும் நின்றுவிடும். மார்க்கண்டு சுழற்றினார்... கிர்ர்... கிர்ர்...

பிறந்தநாள் வாழ்த்து, சினிமாப் பாட்டு என்று நேரம் போனது. கடைசி அழைப்பு. முதலில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

"வணக்கம் நேயரே, எங்கிருந்து பேசுகிறீர்கள்?"

"மயிலிட்டியிலை இருந்து..."

தம்பிஐயாவின் குரல். அதே அடைத்த தொண்டை. ஆமியைத் தவிர ஒரு குஞ்சு குருமன் இல்லாத ஊர் அப்போது மயிலிட்டி. மார்க்கண்டுவின் கை பெடலை விட்டது. பெடல் நின்றது. சக்கரமும் நின்றது...

குரல் நிற்கவில்லை.

யாருக்குப் பாட்டு என்று அறிவிப்பாளர் கேட்டாள். பாட்டு வேண்டாம், மனுசிக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றது குரல்.

"மலர்... அப்ப நான் வாறன்."

நன்றி, வணக்கம் என்றாள் அறிவிப்பாளர். றேடியோ அடங்கியது.

எங்கள் ஆட்கள் புறப்படும்போது 'போறன்' என்று சொல்வதில்லை. ஒரேயடியாகப் போகிறவரும் 'வாறன்' என்றுதான் சொல்வார். மார்க்கண்டு அதைப் பிடித்துக்கொண்டார். அண்ணை விடைபெற்றுவிட்டார், இனிச் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று சொன்னார். இராசமலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடங்கிக் கிடந்த றேடியோவின் முன் குனிந்து, "ஓம், வாங்கோ" என்றாள். பிறகு உலை வைத்தாள். வாசல் படலையை அகலத் திறந்துவிட்டாள்.

மார்க்கண்டு அங்கே இருக்கவில்லை. பயம்... வேறொன்றும் இல்லை.

விடிந்ததும் மனம் கேட்காமல் போனார். அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். தலையில் பூ. விளக்குமாற்றைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்து, நீரில் ஊறியவையாய்ச் சுருங்கியிருந்தன. கொட்டிலுக்குள்ளிருந்து அழுகிய பாசி நாற்றம். மச்சாள் என்று கூப்பிட்டார்.

"மெல்லக் கதை தம்பி. இப்பதான் கண்ணயர்ந்தவர்" என்றாள் அவள். "உன்னட்டையும் வாறன் எண்டு சொல்லச் சொன்னவர். நல்லதாப் போச்சு, நீயே வந்திட்டாய்."

அவள் கொட்டில் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சரப்பா... மார்க்கண்டு வந்து நிக்கிறான். எழும்புங்கோ."

உள்ளே பாய் சரசரத்தது.